நரை எனக்குப் பிடித்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

வாசகி கேள்வி: எனக்கு வயது 47. திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் 19 வருடமாகக் கணக்கு டீச்சர். 35 வயதில் முடி நரைக்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டை அடித்துக்கொண்டிருந்தேன். பழைய டூத் பிரஷ், நெளிந்த எவர்சில்வர் கிண்ணம், கறை படிந்த துண்டு என்று அதற்காகவே பாத்ரூம் அலமாரியில் ஒரு பை வைத்திருந்தேன். ஐந்து மாதத்துக்கு முன்பு காதோரமும் பிடரியிலும் தாங்க முடியாத அரிப்பு. நிறுத்திவிட்டேன். இப்போது வகிட்டின் இரண்டு பக்கமும் மூன்று விரல் அகலத்துக்கு வெள்ளை, அதற்குக் கீழே பழைய கறுப்பு.

மகளுக்கு 24 வயது, பெங்களூருவில் வேலை. வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். "இந்த நேரத்துல இது என்ன கோலம்? வர்றவங்க உன்னைப் பாட்டின்னு நினைக்கப் போறாங்க" என்கிறார் நாத்தனார். பள்ளியில் தலைமை ஆசிரியை, "பேரன்ட்ஸ் கேக்கறாங்க, டீச்சருக்கு உடம்பு சரியில்லையான்னு" என்றார். கணவர் முதலில் "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவருடைய அக்கா வந்துபோன பிறகு, "கல்யாணம் முடியற வரைக்கும் போட்டுக்கோயேன்" என்கிறார். மாமியார் எதுவும் சொல்வதில்லை. ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர் மட்டும் யாரும் இல்லாதபோது வந்து, "எனக்கும் அரிக்குதுக்கா, விட்டுடலாமான்னு இருக்கு, பயமா இருக்கு" என்றாள்.

அலர்ஜி என்று சொன்னால் எல்லோரும் ஒரு நிமிடம் இரக்கப்படுகிறார்கள். அப்புறம் அமோனியா இல்லாத டை, மருதாணி டை என்று அடுத்த யோசனை சொல்கிறார்கள். ஆனால் உண்மை வேறு. அரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்க்கும்போது இந்த நரை எனக்குப் பிடித்திருக்கிறது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இது சுயநலமா? மகள் கல்யாணம் முடியும் வரை ஊரோடு ஒத்துப்போவதுதான் சரியா?

மனநல ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் கடைசிப் பத்தியில் நின்றுவிட்டேன். "பிடித்திருக்கிறது" என்ற வார்த்தையை எழுத உங்களுக்கு அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. அதற்கு முன்னால் அரிப்பு, நாத்தனார், தலைமை ஆசிரியை, கணவர் என்று எல்லோரும் வந்துபோன பிறகுதான் நீங்கள் வருகிறீர்கள்.

முதலில் உங்கள் நேரடிக் கேள்விக்குப் பதில். இது சுயநலம் இல்லை. உங்கள் தலையில் இயல்பாக வளர்வதை அப்படியே விட்டிருக்கிறீர்கள். இதனால் யார் சோற்றிலும் மண் விழவில்லை.

உடம்பு விஷயத்தை முடித்துவிட்டு மற்றதற்கு வருகிறேன், ஏனென்றால் அதை அலட்சியப்படுத்த முடியாது. கடையில் கிடைக்கும் கறுப்பு டைகளில் பெரும்பாலானவற்றில் பி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு வேதிப்பொருள் இருக்கும். முழுப்பெயர் பாரா ஃபீனிலீன் டைஅமின். பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போவது இதன் குணம். ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் ஒத்துக்கொள்ளாது. அடுத்த முறை போடும்போது அரிப்போடு நிற்காமல் கண் இமை, முகமெல்லாம் வீங்கிவிடலாம். அமோனியா இல்லாத டை என்றால் பி.பி.டி. இல்லாத டை என்று அர்த்தம் இல்லை. இரண்டும் வேறு வேறு. மருதாணி இலை மட்டும் இருந்தால் செம்பழுப்பு நிறம்தான் வரும். பாக்கெட்டில் கறுப்பு மருதாணி என்று போட்டிருந்தால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. அது அவுரி இலையாக இருக்கலாம், பல சமயம் இதே பி.பி.டி.யாகவும் இருக்கும். அதனால் உங்கள் கணவர் சொல்கிற "கல்யாணம் வரைக்கும்" என்ற ஏற்பாடு, தோல் மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் நடக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முதல் நாள் முகம் வீங்கி உட்கார்ந்தால் என்ன செய்வது என்று அவரையே கேளுங்கள்.

சரி, இப்போது பிடித்திருக்கிற விஷயத்துக்கு வருவோம்.

அலர்ஜி என்று சொன்னால் ஏன் ஒரு நிமிடமாவது இரக்கப்படுகிறார்கள், பிடித்திருக்கிறது என்று சொல்ல ஏன் நாக்கு எழவில்லை? நம் வீடுகளில் ஒரு பெண் ஊர் வழக்கத்திலிருந்து கொஞ்சம் விலகி நடக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு நோய் வேண்டியிருக்கிறது. காலையில் நடக்கப் போக சர்க்கரை வேண்டும். தனியாக ஒரு அறையில் படுக்கத் தூக்கமின்மை வேண்டும். கொலுசைக் கழற்றக் கால்வலி வேண்டும். "எனக்கு இப்படி இருக்கத்தான் இஷ்டம்" என்ற ஒரு வரியைச் சொல்ல முடியாததால், மருத்துவச் சீட்டை நீட்டிக்கொண்டே வாழ்ந்துவிட்ட பெண்கள் பலரை என் அறையில் சந்தித்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தச் சீட்டு அவர்களுக்கு உண்மையாகவே உதவியிருக்கிறது. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. நோய் தீர்ந்த மறுநாள் அனுமதியும் தீர்ந்துபோகும். உங்களுக்கு இப்போது நடப்பது அதுதான். அரிப்பு நின்றுவிட்டது, கையில் காரணம் இல்லை, அதனால் பயம் வந்துவிட்டது.

என் துறையில் எல்லோரும் படிக்கிற ஒரு பரிசோதனையை உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். கணக்கு டீச்சர் என்பதால் உங்களுக்கு அது இன்னும் நன்றாகப் புரியும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களை ஏழெட்டுப் பேராக ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைத்தார். ஒரு அட்டையில் ஒரு கோடு. இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். அந்த மூன்றில் முதல் கோட்டின் அளவுக்குச் சமமானது எது? சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அந்த மேஜையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷின் ஆட்கள். 18 சுற்றுகளில் 12 சுற்றுகளில் எல்லோரும் ஒரே குரலில் தப்பான கோட்டைக் காட்டுவதென்று முன்பே பேசிவைத்திருந்தார்கள். உண்மையாகவே சோதிக்கப்படும் மாணவருக்குக் கிட்டத்தட்டக் கடைசியில்தான் முறை வரும். அந்த 12 சுற்றுகளில் சோதிக்கப்பட்ட மாணவர்கள் சொன்ன பதில்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூட்டம் சொன்ன தப்பான பதில். தனியாகக் கேட்டபோது தப்பு 1 சதவீதம்கூட இல்லை. அப்புறம் விசாரித்தபோது, சிலர் தங்கள் கண்ணிலேயே ஏதோ கோளாறு என்று நம்பியிருந்தார்கள். சிலருக்குச் சரியான பதில் தெரிந்தே இருந்தது, கூட்டத்தில் தனியாகத் தெரிய விருப்பமில்லாமல் தப்பாகச் சொன்னார்கள்.

வழக்கமாக இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஆஷ் நிறுத்தவில்லை. அதே சோதனையைப் பலவிதமாக மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். அதில் மூன்று மாற்றங்கள் உங்கள் கடிதத்துக்கு அப்படியே பொருந்துகின்றன.

மாணவர் பதிலை வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுக்கலாம் என்றபோது, கூட்டத்துக்கு வளைந்துகொடுப்பது வெகுவாகக் குறைந்தது. நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியது அப்படிப்பட்ட ஒரு தாள்தான். ஐந்து மாதம் வாயில் வராதது பேனாவில் வந்துவிட்டது.

அடுத்தது, அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவரை மட்டும் சரியான பதில் சொல்ல வைத்தார். ஒருவர்தான், மற்ற எல்லோரும் பழையபடி தப்பு. தப்பான பதில்கள் முன்பு இருந்ததில் கால் பங்காக இறங்கிவிட்டன. இதைப் படித்த நாளிலிருந்து நான் யாருக்கும் "உலகத்தை எதிர்த்து நில்லுங்கள்" என்று ஆலோசனை சொல்வதில்லை. ஒரு ஆளைத் தேடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மூன்றாவது, உங்கள் கணவர். ஆஷ் ஒரு வகைச் சோதனையில், முதலில் மாணவருக்குத் துணையாகச் சரியான பதில் சொல்லிக்கொண்டிருந்தவரைப் பாதியில் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ள வைத்தார். அந்த நிமிடமே மாணவரின் தைரியம் சரிந்தது. ஏறக்குறைய துணையே இல்லாதவர் அளவுக்குத் தப்பு செய்யத் தொடங்கினார். "நல்லாத்தான் இருக்கு" என்று சொன்ன வாயே "போட்டுக்கோயேன்" என்று சொன்னபோது உங்களுக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. நாத்தனார் சொன்னதை நீங்கள் வார்த்தைக்கு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள், அதில் கோபம் தெரிகிறது. கணவர் சொன்னதை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள், அதில் வேறு ஏதோ இருக்கிறது.

அவரைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அக்காவின் எதிரில் அவருக்கும் அதே மேஜை, அதே கோடு. ஆனால் அவரிடம் நீங்கள் இதுவரை பேசியது அரிப்பைப் பற்றி மட்டும்தான். அரிப்பு நின்றுவிட்டது என்று அவருக்குத் தெரியும், அப்புறம் என்ன தடை என்று அவர் நினைப்பதில் தப்பில்லை. உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ஒரு ராத்திரி, வேலையெல்லாம் முடிந்த பிறகு, வேறு பேச்சு எதுவும் கலக்காமல் சொல்லுங்கள்: "அரிப்பு சரியாயிடுச்சு. ஆனா எனக்கு இது பிடிச்சிருக்கு. நீங்க அன்னைக்கு நல்லாருக்குன்னு சொன்னது நிஜமா?" கேட்டுவிட்டு அவர் பதில் சொல்லும் வரை பொறுங்கள். நடுவில் நீங்களே புகுந்து அவருக்குப் பதில் எடுத்துக் கொடுக்க வேண்டாம். அவர் தலையும் நரைத்திருக்கும் என்று நினைக்கிறேன். அவரைப் பார்த்து யாரும் உடம்பு சரியில்லையா என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஆண்களுக்கு அதே நரையை சால்ட் அண்ட் பெப்பர் என்று பெயர் வைத்து ரசிக்கிறோம். இதையும் சண்டையாக இல்லாமல் அவரிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

ஆனால் அவருக்கும் முன்னால் நீங்கள் பேச வேண்டிய ஒருவர் இருக்கிறார். உங்கள் கடிதத்தில் நாத்தனார் பேசுகிறார், தலைமை ஆசிரியை பேசுகிறார், கணவர் பேசுகிறார், சக ஆசிரியை பேசுகிறார், மாமியார் பேசாமல் இருப்பதைக்கூட எழுதியிருக்கிறீர்கள். யாருடைய கல்யாணத்தைக் காரணம் காட்டி இவ்வளவும் நடக்கிறதோ அந்த மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. 24 வயதுப் பெண், வேறு ஊரில் தனியாக இருந்து சம்பாதிக்கிறவள். அவளுக்கு என்ன தோன்றுகிறது என்று நீங்கள் கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவள் பேரைச் சொல்லி எல்லோரும் முடிவு எடுக்கிறார்கள், நீங்களும் அதில் ஒருவர் ஆகிவிட்டீர்கள். இந்த வார்த்தை உங்களுக்குக் கொஞ்சம் சுடும், இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த வாரமே போன் செய்யுங்கள். வீடியோ காலில் பேசுங்கள், அவள் உங்கள் தலையைப் பார்க்கட்டும். "உனக்கு இதுல சங்கடமா இருக்கா? உண்மையைச் சொல்லு, நான் வருத்தப்பட மாட்டேன்" என்று கேளுங்கள். வருத்தப்பட மாட்டேன் என்று சொன்னால் வருத்தப்படாமல் இருக்கவும் வேண்டும். அவள் சந்தோஷமாகச் சரி என்றால் உங்களுக்கு வேண்டிய ஒருவர் வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டார். "கொஞ்சம் சங்கடமாத்தாம்மா இருக்கு" என்றாலும் பயப்பட வேண்டாம். எதில் சங்கடம், யார் முன்னால் சங்கடம் என்று பேசுங்கள். பல சமயம் நரையைவிட அந்த இரட்டை நிறம்தான் கண்ணை உறுத்தும். மேலே வெள்ளை, கீழே கறுப்பு என்று கோடு போட்டது போல இருப்பது பார்க்கிறவர்களுக்கு, "இவங்க மறந்துட்டாங்க போல" என்ற எண்ணத்தைக் கொடுக்கும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில்தான் வளரும். இடுப்பு வரை பின்னல் இருந்தால் முழுக்க மாற நாலைந்து வருடம்கூட ஆகலாம். தோள் வரை வெட்டிக்கொள்ள உங்களுக்கு மனம் இருந்தால் இரண்டு வருடம் போதும். வெட்டப் பிடிக்கவில்லையா, கொண்டை போட்டுப் பூ வைத்துக்கொண்டால் அந்தக் கோடு பாதி மறைந்துவிடும். இதையெல்லாம் விட்டுக்கொடுத்தல் என்று நான் நினைக்க மாட்டேன். உங்கள் நரையை நீங்களே அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான்.

வரன் விஷயத்தில் ஒரு காரியம் செய்யலாம். ஜாதகத்தோடு அனுப்புகிற குடும்பப் போட்டோ இப்போது எடுத்ததாக இருக்கட்டும். நல்ல வெளிச்சத்தில், பிடித்த புடவையில், இந்த வெள்ளை வகிட்டோடு சிரித்துக்கொண்டு நில்லுங்கள். பார்க்க வருகிறவர்கள் முன்பே பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். வாசலில் யாரும் திகைக்கப் போவதில்லை. போட்டோவில் அம்மாவின் நரையைப் பார்த்துவிட்டு ஒரு வீடு பின்வாங்கினால், அந்த வீட்டைப் பற்றி உங்கள் மகள் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லதுதான் என்பது என் அபிப்பிராயம். இது உங்களுக்குக் கறாராகப் படலாம். ஆனால் உங்கள் தலைமுடிக்கு இன்றைக்குக் கணக்குக் கேட்கிறவர்கள் நாளைக்கு அவளிடம் எதற்கெல்லாம் கணக்குக் கேட்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

நாத்தனாருக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் நீங்கள் ஒரு காரணம் கொடுத்தால், அந்தக் காரணத்துக்கு ஒரு மாற்று அவரிடம் இருக்கும். அமோனியா இல்லாத டை வந்தது அப்படித்தான். "எனக்கு இப்படி இருக்கப் பிடிச்சிருக்குங்க அண்ணி. வாங்க, காபி குடிக்கலாம்" போதும். முதல் முறை குரல் நடுங்கும், பரவாயில்லை. மூன்றாவது முறை நடுங்காது. அவர் உங்கள் மகள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் பேசுகிறார், அதையும் மறக்க வேண்டாம். கல்யாண வேலையில் அவர் கருத்தைக் கேட்கப் பத்து விஷயம் இருக்கும். பட்டு எங்கே எடுப்பது, சமையலுக்கு யார் என்று அவரிடம் போய்க் கேளுங்கள். உங்கள் தலையை மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பள்ளியில் கதை வேறு. அங்கே அலர்ஜி என்றே சொல்லிக்கொள்ளுங்கள், அது பொய்யும் இல்லை. தலைமை ஆசிரியைக்கு உங்கள் மனசு முழுவதும் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. எட்வின் ஹாலண்டர் என்ற உளவியலாளர் 1958ல் ஒரு கருத்தைச் சொன்னார். ஒரு குழுவில் பல காலம் நன்றாக உழைத்து, அதன் நியதிகளை மதித்து வந்தவருக்கு, பேங்கில் பணம் சேர்வது போல ஒரு நல்லெண்ணம் சேர்ந்திருக்கும். பிறகு அவர் ஒரு விஷயத்தில் மாறி நடந்தால் குழு அந்தச் சேமிப்பிலிருந்து கழித்துக்கொண்டு அவரை ஏற்றுக்கொள்ளும். உங்களுக்கு 19 வருடச் சேமிப்பு இருக்கிறது. அதை எடுத்துச் செலவழிக்க இதுவே சரியான இடம். அங்கே புடவை கட்டாயம், பேட்ஜ் கட்டாயம் என்ற விதி இருந்து அது உங்களை உறுத்தவில்லை என்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். எல்லாவற்றிலும் தனித்துத் தெரிய வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படவில்லை, ஒன்றே ஒன்றில்தான்.

மாமியார் பேசாமல் இருப்பதை வைத்து அவரையும் எதிர்க்கட்சியில் சேர்த்துவிடாதீர்கள். எண்ணெய் வைத்துவிடச் சொல்லி அவர் முன்னால் ஒரு சாயங்காலம் உட்காருங்கள். அவர் விரல் அந்த வெள்ளையைத் தொடும்போது என்ன சொல்கிறார் என்று பாருங்கள்.

கடைசியாக அந்த ஸ்டாஃப் ரூம் டீச்சர். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். 1993ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் குடிப்பழக்கம் பற்றி ஒரு ஆய்வு வெளியானது. வளாகத்தில் நடக்கும் குடியைப் பற்றி பலர் மனதில் ஒரு நெருடல் இருந்தது. ஆனால் அவர்கள் தங்களுக்குத்தான் அந்த நெருடல் அதிகம், மற்றவர்கள் சகஜமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே சொல்லாததால் யாருக்கும் யாரைப் பற்றியும் தெரியவில்லை. உங்கள் ஸ்டாஃப் ரூமில் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் டூத் பிரஷ்ஷோடு கண்ணாடி முன் நின்று, காதோரத்தைச் சொறிந்துகொண்டு, நமக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்கிறார்களோ தெரியாது. அதில் ஒருத்திக்கு உங்களைப் பார்த்ததும் வாய் திறந்தது. நீங்கள் ஒரு துணை தேடிக்கொண்டிருக்கிறீர்கள், ஆனால் ஐந்து மாதமாக அவளுக்கு நீங்கள்தான் அந்தத் துணை. அவளிடம் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. அலர்ஜி என்று சொல்லியிருந்தால், இன்னொரு முறை டீ குடிக்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லிப் பழக அவள் நல்ல ஆள்.

அவளையும் கூட்டிக்கொண்டு தோல் மருத்துவரிடம் போய்வாருங்கள். முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகள் போட்டு, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்து, பெரும்பாலும் மேலும் ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்த்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வார்கள். அந்த நாட்களில் முதுகு நனையக் கூடாது, அதற்குத் தகுந்தபடி நாள் பார்த்துக்கொள்ளுங்கள். அலமாரிப் பையில் மீதி டை இருந்தால் தொட வேண்டாம், டப்பாவை மட்டும் தூக்கி எறியாமல் எடுத்துப்போங்கள். அதில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும், மருத்துவருக்கு அது வேண்டியிருக்கும்.